குதிரைத் திருவிழா வேண்டும். குதிரைச் சாவு வேண்டாம்!

கனடா நாட்டில் கால்கரி என்று ஒரு நகரம் இருக்கிறது. மேற்கே பனி படர்ந்த ராக்கி மலைகள். கிழக்கே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல்வெளி. 2021-ஆம் ஆண்டு கணக்குப்படி அங்கே 13 லட்சம் பேர் வாழ்கிறார்கள்.

மற்ற மாதங்களில் இது எண்ணெய்க் கம்பெனிகளின் ஊர். வானத்தைத் தொடும் கட்டடங்கள். கோட்டும் சூட்டுமாக அலுவலகம் போகும் உத்தியோகஸ்தர்கள்.

ஜூலை மாதம் பிறந்தால் போதும். ஊரே வேஷம் மாற்றிக்கொள்கிறது!

பாங்கி மானேஜர் அகன்ற தொப்பி அணிகிறார். கடைச் சிப்பந்தி உயரமான தோல் பூட்ஸ் மாட்டிக்கொள்கிறார். குழந்தைகளின் கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை ஆடுகிறது. கடைகளின் வாசலில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி அலங்காரம் செய்கிறார்கள். பத்து நாட்களுக்கு அந்த ஊரில் எல்லோரும் மாடு மேய்க்கும் குதிரைவீரர்கள்தான்.

இதுதான் "கால்கரி ஸ்டாம்பீட்" என்னும் திருவிழா. மிரண்டுபோன மாட்டு மந்தை தறிகெட்டு ஓடுவதை ஆங்கிலத்தில் "ஸ்டாம்பீட்" என்பார்கள். 2024-ஆம் ஆண்டில் இந்த விழாவுக்கு 14 லட்சத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள். தேரோட்டத்துக்குக் கூடும் கூட்டத்தைப் போல ஜே ஜே என்று கூட்டம்!

இந்த விழாவைக் குழந்தை குட்டிகளோடு போய்ப் பார்க்கலாமா? தாராளமாகப் பார்க்கலாம். ஆனால், அங்கே போகிறவர்கள் ஒரு கேள்வியையும் கையோடு எடுத்துப் போக வேண்டும். மனிதர்கள் மகிழ்வதற்காகக் குதிரைகள் சாகத்தான் வேண்டுமா என்பதே அந்தக் கேள்வி.

வீதியில் ஊர்வலம்

விழா ஒரு வெள்ளிக்கிழமை காலை ஊர்வலத்தோடு தொடங்குகிறது. நல்ல இடம் கிடைக்க வேண்டும் என்று ஜனங்கள் விடியற்காலையிலேயே மடக்கு நாற்காலியும் கம்பளியுமாக வீதி ஓரத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அப்பாவின் தோளில் பிள்ளை. அம்மாவின் மடியில் கைக்குழந்தை.

முதலில் பாண்டு வாத்தியம். அதன் பின்னால் குதிரைகள். கறுப்பு, வெள்ளை, பழுப்பு என்று வரிசை வரிசையாக வருகின்றன. பிறகு பூவும் பொம்மையுமாக ஜோடித்த வண்டிகள். மணி கோத்த உடையும் இறகுத் தலைப்பாகையும் அணிந்த பூர்வகுடி மக்கள் குதிரைமீது கம்பீரமாக வருகிறார்கள். கூட்டம் கை தட்டுகிறது. சாலை ஓரத்தில் நிற்கும் குழந்தையைப் பார்த்துக் குதிரைவீரர் தொப்பியைத் தூக்கிக் காட்டினால், அந்தக் குழந்தைக்கு அன்று முழுவதும் அதே பேச்சுத்தான்!

ஊர்வலம் பார்க்கக் கட்டணம் கிடையாது. வீதியில் நின்றால் போதும். ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே காட்சி.

இலவசச் சிற்றுண்டி

விழாவின் இன்னொரு விசேஷம் காலைச் சிற்றுண்டி. கோதுமை மாவில் பாலும் முட்டையும் சேர்த்துக் கரைத்து, சூடான இரும்புத் தகட்டில் ஊற்றிச் சுடுகிறார்கள். நம் ஊர் ஊத்தப்பம் போலக் கனமாக இருக்கும். அதன் மேல் இனிப்புப் பாகு ஊற்றிக் கொடுக்கிறார்கள். "பான்கேக்" என்று பெயர்.

1923-ஆம் ஆண்டில் ஜாக் மார்ட்டன் என்ற வண்டியோட்டி தம் சமையல் வண்டியை ஊருக்குள் நிறுத்தி அடுப்பு மூட்டினார். தெருவில் போனவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சாப்பிட வைத்தார். அந்த ஒரு மனிதரின் விருந்தோம்பல் இன்று ஊர் வழக்கமாகிவிட்டது. விழா நாட்களில் கடை வாசலிலும், மாதா கோவில் முற்றத்திலும், தெரு முனையிலும் இலவசமாகப் பான்கேக் கொடுக்கிறார்கள். வரிசையில் நின்றால் யாருக்கும் உண்டு. கம்பெனி முதலாளி கரண்டி பிடித்துப் பரிமாறுவதையும் பார்க்கலாம்.

நூறு ஆண்டு கடந்தும் இந்த வழக்கம் நிலைத்திருக்கிறது. இதனால் யாருக்கும் காயம் இல்லை. எந்த உயிருக்கும் சேதம் இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

தின்பண்டமும் ராட்டினமும்

எல்போ ஆற்றின் கரையில் விழா மைதானம் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் எண்ணெய் காயும் வாசனை மூக்கைத் துளைக்கிறது.

குச்சியில் குத்திய இறைச்சித் துண்டைச் சோள மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்து எடுக்கிறார்கள். விரல் கடை அளவுள்ள சின்னச் சின்ன "டோனட்" வளையங்களைச் சுடச்சுடப் பொரித்து, சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவிப் பையில் போட்டுக் கொடுக்கிறார்கள். பஞ்சு மிட்டாய், எலுமிச்சைச் சாறு, ஐஸ்கிரீம் எல்லாம் உண்டு. ஆண்டுதோறும் யாரும் கேட்டிராத புதுப் பலகாரங்களைக் கண்டுபிடிப்பதிலும் கடைக்காரர்களுக்குள் போட்டி.

இன்னொரு பக்கம் ராட்டினங்கள். தலைகீழாகச் சுற்றுவது, மேலே போய்த் திடீரென்று கீழே விழுவது என்று பல வகை. தின்றுவிட்டு ராட்டினம் ஏறுவதா, ராட்டினம் ஏறி இறங்கிய பிறகு தின்பதா? பிள்ளைகளோடு போன பெற்றோரைக் கேட்டால், பின்னதையே சொல்வார்கள்!

எட்டு விநாடிப் போராட்டம்

பிற்பகலில் "ரோடியோ" நடக்கிறது. மாட்டுப் பண்ணைகளில் அன்றாடம் செய்த வேலைகளே பந்தயமாக மாறியதுதான் ரோடியோ.

துள்ளும் குதிரைமீது உட்கார வேண்டும். ஒரு கையால்தான் பிடித்துக்கொள்ளலாம். மறு கை காற்றில் இருக்க வேண்டும். அந்தக் கை குதிரைமீது பட்டால் மார்க் கிடையாது. இப்படி 8 விநாடி தாக்குப்பிடிக்க வேண்டும். எட்டு விநாடி என்ன பிரமாதம் என்று தோன்றும். ஒன்று, இரண்டு என்று எண்ணி முடிப்பதற்குள் பலர் மண்ணில் கிடக்கிறார்கள்!

காளைச் சவாரியும் உண்டு. ஜல்லிக்கட்டில் வீரர் காளையின் திமிலைத் தழுவுகிறார். இங்கே முதுகிலேயே ஏறி உட்கார வேண்டும். மொத்தம் 100 மார்க். அதில் பாதி மனிதருக்கு. மறு பாதி மிருகத்துக்கு. குதிரையோ காளையோ நன்றாகத் துள்ளினால்தான் சவாரிக்காரருக்கும் அதிக மார்க். மிருகத்தின் திறமையையும் மதிக்கும் நல்ல ஏற்பாடு இது.

பெண்களுக்கும் பந்தயம் உண்டு. மைதானத்தில் மூன்று பீப்பாய்களை வைத்திருப்பார்கள். குதிரையை விரட்டி மூன்றையும் சுற்றித் திரும்ப வேண்டும். பீப்பாய் விழுந்தால், ஒவ்வொன்றுக்கும் 5 விநாடி தண்டம். மின்னல் போல வளைந்து ஓடும் குதிரையையும், அதன்மேல் சாய்ந்து பறக்கும் பெண்ணையும் பார்க்க இரண்டு கண் போதாது.

இதே மைதானத்தில் மனத்தை உறுத்தும் காட்சி ஒன்றும் உண்டு. ஓடும் கன்றுக்குட்டியின் கழுத்தில் கயிற்றை வீசிச் சுருக்குப் போடுகிறார்கள். வேகமாக ஓடும் கன்றைக் கயிறு வெடுக்கென்று இழுத்து நிறுத்துகிறது. வீரர் குதித்து ஓடி, கன்றைக் கீழே தள்ளி, மூன்று கால்களைக் கட்டுகிறார். துள்ளும் குதிரை வலிமையுள்ள மிருகம். மனிதரைத் தூக்கி எறிய அதனால் முடியும். கன்றுக்குட்டியால் என்ன செய்ய முடியும்?

சமையல் வண்டிப் பந்தயம்

ஜூலை மாதத்தில் அங்கே இரவு 9 மணிக்கும் வெளிச்சம் இருக்கும். மாலையில் "சக்வேகன்" பந்தயம் தொடங்குகிறது.

முன்காலத்தில் மாட்டு மந்தையோடு நாள் கணக்கில் போகும் ஆட்களுக்குச் சமைத்துப்போட ஒரு கூண்டு வண்டி கூடவே போகும். அதுதான் சக்வேகன். அப்படிப்பட்ட வண்டியில் நான்கு குதிரைகளைப் பூட்டி ஓட்டுவதே பந்தயம். வண்டிகள் முதலில் பீப்பாய்களைச் சுற்றி, 8 என்ற ஆங்கில எண்ணைப் போல வளைய வேண்டும். பிறகு ஓடுபாதையில் பாய வேண்டும். வண்டிக்குத் துணையாகத் தனிக் குதிரைகளில் சவாரிக்காரர்களும் வருவார்கள்.

குளம்படிச் சத்தம் இடி போல முழங்குகிறது. மண் பறக்கிறது. கூட்டம் எழுந்து நின்று கத்துகிறது. உற்சாகமான காட்சிதான். சந்தேகம் இல்லை.

ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. நெருக்கமாக ஓடும் குதிரைகளில் ஒன்று இடறி விழுந்தால், பின்னால் வருவது உடனே நிற்க முடியாது. குதிரையின் கால் எலும்பு முறிந்தால், பெரும்பாலும் அதைப் பிழைக்க வைக்க முடிவதில்லை. மருந்து ஊசி போட்டு உயிரைப் போக்கிவிடுகிறார்கள்.

2019-ஆம் ஆண்டு விழாவில் சமையல் வண்டிப் பந்தயத்தில் மட்டும் ஆறு குதிரைகள் செத்துப்போயின. பத்து நாள் விழா; ஆறு சாவு!

"பரம்பரை வழக்கம்" என்ற வாதம்

"இது எங்கள் பரம்பரை வழக்கம். இதில் கை வைக்கக்கூடாது" என்று சிலர் சொல்கிறார்கள். இந்த வாதம் சரிதானா என்று விழாவின் சரித்திரத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கால்கரிப் பகுதியில் ஒரு காலத்தில் வேலி இல்லாத பரந்த புல்வெளிகளில் மாடுகள் மேய்ந்தன. 1906–07 குளிர்காலம் மிகக் கொடுமையாக இருந்தது. ஏராளமான மாடுகள் பனியில் மடிந்தன. குடியானவர்கள் வந்து நிலத்துக்கு வேலி போட்டார்கள். பழைய மேய்ச்சல் வாழ்க்கை மறையத் தொடங்கியது.

அப்போது கய் வெடிக் என்பவர் வந்தார். அவர் அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்தில் பிறந்தவர். சுருக்குக் கயிறு வீசி மேடைகளில் வித்தை காட்டியவர். அவருடைய மனைவி ஃப்ளோரஸ் லாட்யூவும் கயிற்று வித்தையில் கெட்டிக்காரி. மறைந்துவரும் வாழ்க்கையை ஜனங்களுக்குக் காட்ட வேண்டும் என்று வெடிக் விரும்பினார். நான்கு செல்வந்தர்கள் சேர்ந்து 1 லட்சம் டாலருக்குப் பொறுப்பேற்றார்கள். 1912-ஆம் ஆண்டு செப்டம்பரில் முதல் ஸ்டாம்பீட் நடந்தது.

சமையல் வண்டிப் பந்தயம் அந்த முதல் விழாவில் இல்லை. 1923-ஆம் ஆண்டில்தான் வெடிக் அதைச் சேர்த்தார். கூட்டம் வர வேண்டும் என்பதற்காகச் சேர்த்த புது அயிட்டம் அது!

ஆகவே, இது வேதம் அல்ல. வேடிக்கைக்காக மனிதர் அமைத்தது. மனிதர் அமைத்ததை மனிதரே மாற்றலாம்.

மாற்றியும் இருக்கிறார்கள். முன்பு ஒவ்வொரு ஓட்டத்திலும் நான்கு வண்டிகள் ஓடின. 2022-ஆம் ஆண்டிலிருந்து அதை மூன்றாகக் குறைத்தார்கள். குதிரைகளை மிருக வைத்தியர்கள் பரிசோதிக்கிறார்கள். வண்டி ஒன்று குறைந்ததால் வானம் இடிந்து விழவில்லை. 2024-ஆம் ஆண்டில் முன் எப்போதும் இல்லாத கூட்டம் வந்தது. ஆனாலும், வண்டியைக் குறைத்த அதே 2022-ஆம் ஆண்டிலும் பந்தயக் குதிரை ஒன்று இறந்தது. பாதி வழி வந்திருக்கிறார்கள். மீதி வழியும் போக வேண்டும்.

அவமதிப்பு மரியாதை ஆன கதை

இந்த விழா மாறக்கூடியது என்பதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு.

கால்கரி வட்டாரம் பூர்வகுடி மக்களின் மண். 1877-இல் அவர்கள் அரசாங்கத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அதன் பிறகு அவர்கள்மீது பல கட்டுப்பாடுகள் வந்தன. அவர்களுடைய சடங்குகளுக்குச் சட்டம் தடை போட்டது. தங்கள் உடை உடுத்தி வெளியிடங்களில் நடனம் ஆடுவதற்கும் 1914-இல் சட்டம் குறுக்கே நின்றது. அதிகாரியின் அனுமதி வேண்டும் என்றது. சொந்த மண்ணில் சொந்த ஆட்டம் ஆட இன்னொருவரிடம் அனுமதி!

1912 விழாவில் அவர்கள் கலந்துகொள்ளவும் மேலிடத்தில் சொல்லி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. ஆனால், அந்த முதல் விழாவிலேயே ஓர் அதிசயம் நடந்தது. பலரைக் கீழே தள்ளிப் பெயர் எடுத்த "சைக்ளோன்" என்ற முரட்டுக் குதிரையை அடக்கியவர் யார் தெரியுமா? கைனாய் என்ற பூர்வகுடி இனத்தைச் சேர்ந்த டாம் த்ரீ பெர்சன்ஸ்! ஒதுக்கி வைக்கப்பட்ட இனத்தின் பிள்ளை எல்லோர் முன்னிலையிலும் வென்று காட்டினார்.

1951-ஆம் ஆண்டில் தடைச் சட்டம் போயிற்று. விழா மைதானத்தில் பூர்வகுடிகள் தங்கும் கூடார வரிசையை நெடுங்காலம் "இந்தியர் கிராமம்" என்று அழைத்தார்கள். வெள்ளையர் தவறாக வைத்த பெயர் அது. 2018-ஆம் ஆண்டில் அதை "எல்போ ஆற்று முகாம்" என்று மாற்றினார்கள். இன்று அங்கே 26 கூடாரங்கள் இருக்கின்றன. நடனம் ஆடுகிறார்கள், கதை சொல்கிறார்கள், ரொட்டி சுட்டுக் கொடுக்கிறார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் இந்த முகாமை அவசியம் பார்க்க வேண்டும். ராட்டினத்தில் கிடைக்காத விஷயம் இங்கே கிடைக்கும்.

பழக்கம் என்ற பெயரால் இருந்த ஒரு தவறான பெயர் மாறியபோது விழாவின் பெருமை குறையவில்லை, கூடியது. மனிதருக்குச் செய்த குறையைத் திருத்தத் தெரிந்த விழாவுக்கு, மிருகத்துக்குச் செய்யும் குறையைத் திருத்தத் தெரியாதா?

மறுபக்கத்தார் சொல்வது

வண்டியோட்டிகளின் பேச்சையும் கேட்பதுதான் நியாயம்.

"குதிரைகள் எங்கள் குடும்பம் போல. ஆண்டு முழுவதும் தீனி போட்டு, உடம்பு தேய்த்துவிட்டு வளர்க்கிறோம். இவற்றில் பெரும்பாலானவை ஓட்டப் பந்தயத்திலிருந்து கழிக்கப்பட்டவை. நாங்கள் வாங்காவிட்டால் இவை இறைச்சிக்குப் போயிருக்கும்" என்கிறார்கள்.

இதில் உண்மை இருக்கிறது. குதிரை செத்தபோது அவர்கள் கண் கலங்கி அழுததையும் ஜனங்கள் பார்த்திருக்கிறார்கள். ஆனால், இறைச்சிக் கடைக்குப் போகாமல் காப்பாற்றிய குதிரையைப் பந்தயப் பாதையில் இழப்பது எப்படிச் சரியாகும்? அன்பு இருப்பதால்தான் அதிக ஜாக்கிரதை வேண்டும்.

"மிருக வதையை எதிர்ப்பவர்கள் விழாவையே ஒழிக்கப் பார்க்கிறார்கள்" என்றும் ஒரு பேச்சு. எல்லோரும் அப்படி அல்ல. கால்கரியிலேயே உள்ள ஜீவகாருண்ய சங்கம் கன்றுக்குச் சுருக்குப் போடுவதையும் சமையல் வண்டிப் பந்தயத்தையும் எதிர்க்கிறது. அதே சங்கம் மைதானத்துக்கு ஆட்களை அனுப்பி மிருகங்களின் நலத்தைக் கவனித்தும் வருகிறது. சண்டை போட்டுக்கொண்டே உதவியும் செய்யலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இன்னொரு ஊர் வழி காட்டுகிறது. கனடாவின் மேற்குக் கோடியில் குளோவர்டேல் என்ற இடத்திலும் ரோடியோ விழா உண்டு. 2007-ஆம் ஆண்டில் அங்கே ஒரு கன்றுக்குட்டி காயம்பட்டு இறந்தது. உடனே, கன்றுக்குச் சுருக்குப் போடும் போட்டியோடு வேறு சில போட்டிகளையும் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகும் அங்கே விழா நடந்தது. கூட்டம் வந்தது. குதிரைவீரர்களும் வந்தார்கள்.

செய்ய வேண்டியது என்ன?

சமையல் வண்டிகளை ஒரே நேரத்தில் சேர்த்து ஓட விடாமல், ஒவ்வொன்றாக ஓட விடலாம். யார் குறைந்த நேரத்தில் வருகிறாரோ அவருக்குப் பரிசு கொடுக்கலாம். பீப்பாய்ப் பந்தயம் அப்படித்தானே நடக்கிறது? அங்கே கை தட்டல் குறைந்தா போயிற்று? தனியாக ஓடும் குதிரைக்கும் கால் இடறலாம். ஆனால், ஒன்றின்மேல் ஒன்று மோதி விழும் ஆபத்து அடியோடு போகும்.

கன்றுக்குச் சுருக்குப் போடும் போட்டியைக் குளோவர்டேல் செய்தது போல நிறுத்திவிடலாம்.

இவற்றால் விழா சப்பென்று ஆகிவிடும் என்று பயப்பட வேண்டாம். கால்கரி மக்கள் எளிதில் சோர்ந்துபோகிறவர்கள் அல்ல. 2013-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெள்ளம் வந்து மைதானமே மூழ்கியது. இரண்டே வாரத்தில் சேற்றை வாரிக் கொட்டி, குறித்த நாளில் விழாவைத் தொடங்கினார்கள். 2020-இல் கொரோனா நோயால் விழாவை நிறுத்த நேர்ந்தது. அடுத்த ஆண்டே மீண்டும் நடத்தினார்கள். வெள்ளத்தையும் நோயையும் சமாளித்தவர்களுக்கு ஒரு பந்தய விதியை மாற்றுவதா பெரிய காரியம்?

விழா நடத்துகிறவர்கள் கூட்டத்தின் முகத்தைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். ஆகவே, பார்க்கப் போகிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு. ஊர்வலத்தைப் பார்த்துக் கை தட்டலாம். பான்கேக் வரிசையில் நிற்கலாம். எட்டு விநாடிச் சவாரியைப் பார்த்து மூச்சடைத்துப் போகலாம். ஆனால், குதிரை விழும் பந்தயத்துக்கு டிக்கெட் வாங்குமுன் ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும். "இதை மாற்றுங்கள்" என்று நடத்துகிறவர்களுக்கு ஒரு கடிதமும் போட வேண்டும்.

மைதானத்தில் குதிரை விழுந்ததும் அதைச் சுற்றித் திரை பிடித்து மறைத்துவிடுகிறார்கள். "அப்பா! அந்தக் குதிரை எழுந்திருக்குமா?" என்று மடியில் இருக்கும் குழந்தை கேட்கிறது. பதில் சொல்ல முடியாமல் அப்பா வேறு பக்கம் பார்க்கிறார்.

"எழுந்திருக்கும் கண்ணே" என்று ஒரு தகப்பன் பொய் சொல்லத் தேவையில்லாத விழாவே நல்ல விழா!